அடைபட்ட சிறுத்தையும் அதன் ஆறுதலும்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தோர்க்குச் சிறுத்தை புதிய விலங்கன்று. கொழுந்து கொய்யச் சென்றோர் தேயிலைச் செடியின் அடியிலே அதன் குட்டிகளைக் கண்டதுண்டு. இரவிலே காணாமற்போன நாயைத் தேடியோர், லயத்தின் பின்புறத்து ஈரமண்ணில் அதன் அடிச்சுவட்டைக் கண்டதுண்டு. கம்பிச் சுருக்கில் அகப்பட்டு அஃது உறுமும் ஒலியைக் கேட்டோரும் நம்மிடையே உளர். ஆயினும் நம் மாணவருட் பலர் அவ்விலங்கை அமைதியாக நின்று கண்ணாரக் காண்பது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையிலேதான். கல்விச் சுற்றுலாவுக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கே கூண்டின் முன் நின்று கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "சேர், அது ஏன் சும்மா அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருக்கிறது?"

சிறிய வினாப்போலத் தோன்றும் இதற்கு விடை காண அறிஞர் பலர் நெடுங்காலம் உழைத்துள்ளனர். அவர்கள் கண்ட விடை கூண்டிலுள்ள விலங்கைப் பற்றியது மட்டுமன்று. அதனைப் பிடிப்போர், வைத்துக் காப்போர், சென்று பார்ப்போர் ஆகிய நம் அனைவரையும் பற்றியது. அதனை இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டுச் சிறுத்தை

இலங்கைச் சிறுத்தை இத்தீவுக்கே உரிய கிளையினம். தெரணியகல என்பார் 1956ஆம் ஆண்டிலே இதனைத் தனிக் கிளையினமாக விவரித்து, சிங்கள மொழியிலே வழங்கும் "கொட்டியா" என்னும் பெயரையே அதன் அறிவியற் பெயரிலும் அமைத்தார். இந்தியாவிற் போலப் புலியோ, ஆபிரிக்காவிற் போலச் சிங்கமோ இத்தீவின் காடுகளில் இல்லை. ஆதலின் இந்நாட்டு ஊனுண்ணிகளுள் தலைமை பெற்றது சிறுத்தையே. மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துரும்பன் பூனை என்னும் மூன்றும் சேர, இலங்கையிலே காட்டில் வாழும் பூனைக் குடும்பத்து விலங்குகள் நான்காகும்.

இச்சிறுத்தை யால, வில்பத்து முதலிய சரணாலயங்களுக்கு மட்டும் உரியதன்று. முதலிற் கோப்பிக்கும், ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட பின்னர்த் தேயிலைக்குமாக மலைக்காடுகள் பெரும்பாலும் அழிந்தன. ஆயினும் சிவனொளிபாதமலைச் சாரலிலும், ஓட்டன் சமவெளியிலும், தோட்டங்களின் உச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் துண்டு துண்டாகக் காடு எஞ்சியது. சிறுத்தையும் அவற்றோடு எஞ்சியது. அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் என்னும் ஆய்வாளர்கள் டிக்கோயா, பொகவந்தலாவைப் பகுதிகளில் தானியங்கிக் கமெராக்களைப் பொருத்தி, தேயிலைத் தோட்டங்களுக்கு அயலிலேயே சிறுத்தைகள் நடமாடியும் இனம்பெருக்கியும் வாழ்கின்றமையைக் காட்டியுள்ளனர். நாம் உறங்கும் வேளையில் நம் தோட்டத்துப் பாதையிலே அது நடக்கின்றது. நாம் எழும் வேளையில் அது மறைகின்றது.

மறைதல் என்பதே சிறுத்தையின் வாழ்க்கைக் கலையாகும். அது தனித்து வாழும் விலங்கு. தாய் தன் குட்டிகளோடு வாழும் காலம் நீங்கலாக, ஒன்று மற்றொன்றின் துணையை நாடுவதில்லை. ஒரு பரப்பைத் தனதாக்கி, மரத்தைக் கீறியும் சிறுநீர் தெளித்தும் எல்லை வகுக்கின்றது. இரவிலே நெடுந்தூரம் நடந்து, பதுங்கி, காத்திருந்து, ஒரு பாய்ச்சலில் இரை கொள்கின்றது. பகலிலே பாறை முகட்டிலோ மரக்கிளையிலோ படுத்துத் தன்னைப் பிறர் காணாமல் தான் பிறரைக் காண்கின்றது. தேடல், பதுங்கல், ஏறல், எல்லை காத்தல், மறைதல் ஆகிய இவ்வைந்தும் அதன் அன்றாடத் தொழில்கள்.

கூண்டில் நிகழ்வது என்ன?

இத்தகைய விலங்கை நான்கு சுவர்களுக்குள் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் இறைச்சித் துண்டுகளை இட்டால் என்ன நிகழும்? உணவுக்குக் குறைவில்லை, பகைக்கு இடமில்லை, நோய்க்கு மருந்துண்டு. ஆயின் மேலே கூறிய ஐந்து தொழில்களுள் ஒன்றேனும் அங்கே இல்லை. தேடவேண்டியதில்லை, ஏற இடமில்லை, ஒளியவோ வழியில்லை. வேட்டைக்கென அமைந்த கால்களும் கண்களும் செவிகளும் செய்வதற்கொன்றுமின்றி நிற்கின்றன. அப்பொழுது அவ்விலங்கு, குறித்த ஓர் ஓரத்திலே, குறித்த அளவு அடிகள் வைத்து, குறித்த இடத்திலே திரும்பி, மீண்டும் மீண்டும் நடக்கத் தொடங்குகின்றது. பயனொன்றும் இன்றி ஒரே செயலை ஒரே வகையாக மீளச் செய்யும் இந்நிலையை விலங்கியலார் ஒரு நோய்க்குறியாகவே கொள்கின்றனர். அது சும்மா நடக்கவில்லை. நடக்கவேண்டிய நடை வேறிடத்தில் இருக்க, அதன் நிழலை இங்கே நடக்கின்றது.

2003ஆம் ஆண்டிலே ரோஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் என்னும் இருவர் பல்வகை ஊனுண்ணிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். காட்டிலே பரந்த நிலத்தில் திரியும் இனங்களே அடைப்பில் மிகுதியாக இவ்வாறு அலைகின்றன என்பதும், அவற்றின் குட்டிகளே மிகுதியாக மடிகின்றன என்பதும் அவர்கள் கண்ட முடிபாகும்.

இந்தியாவிலும் இத்துறையில் நல்ல ஆய்வுகள் உள. வாஸ் முதலியோர் ஆறு மிருகக்காட்சிச்சாலைகளில் 41 புலிகளையும் 21 சிறுத்தைகளையும் ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபின்படி, புலிகள் பகற்பொழுதில் சராசரியாக நூற்றுக்கு 12 பங்கும், சிறுத்தைகள் நூற்றுக்கு 7 பங்கும் இத்தகைய பயனற்ற செயலிலே கழித்தன. உணவு வருவதற்கு முன்னுள்ள வேளையில் அவ்வளவு முறையே 22 ஆகவும் 11 ஆகவும் உயர்ந்தது. வேட்டைக்குச் செல்லவேண்டிய வேளையில், செல்ல வழியற்ற கால்கள் கம்பியோரத்தில் நடக்கின்றன என இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

உளநெருக்கீடு என்பது யாது?

வெளியே தெரியும் நடைக்கு உள்ளே ஒரு காரணம் உண்டு. ஆன்ஸ் செலியே என்னும் மருத்துவ அறிஞர், உடலை வருத்தும் காரணங்கள் பலவாயினும் உடல் அவற்றுக்குக் காட்டும் விடை பெரும்பாலும் ஒரே தன்மையது என 1936ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதனையே இன்று உளநெருக்கீடு என்கின்றோம். அச்சமோ இடுக்கணோ நேரும்பொழுது மூளை கபச்சுரப்பிக்கு ஆணையிடுகின்றது; கபச்சுரப்பி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பிகளைத் தூண்டுகின்றது; அவை கோட்டிசோல் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. உடலில் சேமித்த சக்தி வெளிப்பட, விலங்கு ஓடவோ போரிடவோ ஆயத்தமாகின்றது.

சிறிது நேரம் நிகழுமாயின் இஃது உயிரைக் காக்கும் ஏற்பாடே. ஓடித் தப்பிய விலங்கின் உடல் விரைவில் அமைதி பெறும். ஆனால் ஓடவும் இயலாது, ஒளியவும் இயலாது, நாள்தோறும் அதே அச்சம் தொடருமாயின், காக்க வந்த ஓமோனே கேடு விளைக்கின்றது. நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றும், உணவில் நாட்டம் குறையும், இனப்பெருக்கம் தடைப்படும். கூண்டிலே எதிர்பாராது இறந்த விலங்குக்கு உணவிலே குறை தேடுவோர், அதன் அச்சத்தைத் தேட மறந்துவிடுகின்றனர்.

இவ்வோமோனின் சிதைவுப் பொருள்கள் சிறுநீரிலும் மலத்திலும் வெளிப்படுவதால், விலங்கைத் தொடாமலே அதன் உளநிலையை அளக்கும் முறை இன்று கைவந்துள்ளது. வாயில்லாப் பிராணி தன் துயரைச் சொல்லாது என்னும் பழைய எண்ணம் இதனால் மாறிற்று. அது சொல்லிக்கொண்டேயிருந்தது, கேட்கும் வழியை நாம் கண்டது அண்மையிலேதான்.

கூண்டின் அமைப்பு மாறிய வரலாறு

தெஹிவளைக் காட்சிச்சாலையின் தொடக்கம் ஜோன் ஹேகன்பெக் என்னும் செர்மானிய விலங்கு வணிகரோடு தொடர்புடையது. 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவர் திரட்டிய விலங்குகளே அதற்கு அடிப்படை. 1936இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. அவருடைய தாய் வேறான உடன்பிறப்பான கார்ல் ஹேகன்பெக், 1907ஆம் ஆண்டு அம்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்டெல்லிங்கனிலே கம்பிகளை நீக்கி, அகழிகளால் விலங்குகளைத் தடுத்து, செயற்கைப் பாறைகளை அமைத்து ஒரு புதிய காட்சிச்சாலையைத் திறந்தார். உலகத்துக் காட்சிச்சாலைகள் பல அதனைப் பின்பற்றின.

அது பெரும் முன்னேற்றமே. ஆயினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். கம்பி மறைந்தது பெரும்பாலும் காண்போரின் கண்ணுக்கு. அகழிக்கு அப்பால் நிற்கும் விலங்குக்குப் பாறை வெறும் சீமெந்தாகவும், மறைவிடம் இல்லாததாகவும் இருக்குமாயின், அதன் நிலை பெரிதும் மாறியதாகக் கூற இயலாது.

இக்குறையை நன்குணர்ந்தவர் சுவிற்சர்லாந்தின் பேர்ண், பாசல், சூரிக் நகரங்களில் காட்சிச்சாலைத் தலைவராய் விளங்கிய ஹைனி ஹெடிகர். 1942ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே அவர், அடைப்பின் பரப்பளவைவிட அதன் தன்மையே முதன்மையானது என வற்புறுத்தினார். ஒவ்வொரு விலங்குக்கும் "ஓடும் எல்லை" ஒன்றுண்டு. பகை அவ்வெல்லையைக் கடந்து நெருங்கினால் அது ஓடியே தீரும். கூண்டின் முன்புறத்திலே மனிதர் நெருங்க, பின்புறத்திலே ஒளிய இடமின்றேல், அவ்விலங்கு நாள் முழுதும் ஓடவேண்டிய நிலையிலே, ஓடமுடியாமல் நிற்கின்றது. இவ்வொரு கருத்தினின்றே பின்வந்த சீர்திருத்தங்கள் பல கிளைத்தன.

சூழல் வளமூட்டல்

அடைபட்ட விலங்கின் சூழலில், அதன் இயல்பான தொழில்களைச் செய்தற்குரிய வாய்ப்புகளை உண்டாக்குவதைச் சூழல் வளமூட்டல் என்பர். அழகுக்காகச் செடி நடுவது இதுவன்று. காண்போர்க்கு அழகற்றதாகத் தோன்றும் ஒரு பழைய மரப்பெட்டி, விலங்குக்குப் பெருஞ்செல்வமாகலாம். இதன் கூறுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மறைவிடம். 1993ஆம் ஆண்டு கதி கார்ல்ஸ்டெட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், வங்கப் பூனை என வழங்கும் சிறு காட்டுப் பூனைகளை ஆராய்ந்தனர். பெரும்பூனைகளின் அயலிலே வெறுங்கூண்டுகளில் வைக்கப்பட்டபொழுது அவற்றின் கோட்டிசோல் அளவு உயர்ந்தது. கூண்டினுள்ளே மறைவிடங்களும் மரக்கிளைகளும் அமைத்தபின் அவ்வளவு தாழ்ந்தது, அலைதலும் குறைந்தது. அயலிலிருந்த பெரும்பூனைகள் அகலவில்லை, கூண்டும் பெரிதாகவில்லை. ஒளிந்துகொள்ளலாம் என்னும் உரிமை ஒன்றே அவ்வுயிரை ஆற்றியது.

இரண்டாவது, உயரமும் பின்னிடமும். அவந்தி மல்லாபூரும் ரவி செல்லமும் தென்னிந்தியாவின் நான்கு காட்சிச்சாலைகளில் உள்ள சிறுத்தைகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டிலே தம் முடிபுகளை வெளியிட்டனர். அச்சிறுத்தைகள் அடைப்பின் விளிம்பிலே அலைந்தன. மக்களுக்கு எட்டாத பின்பகுதியிலே இளைப்பாறின. ஒரே அடைப்பின் இரு பகுதிகள் விலங்குக்கு இருவேறு உலகங்களாயிருத்தலை இது புலப்படுத்துகின்றது. படுக்கத்தக்க மேடை, ஏறத்தக்க மரம், பின்வாங்கத்தக்க நிழல் ஆகியவை இல்லாத அடைப்பு, எத்துணை அகன்றதாயினும் முழுவதும் விளிம்பே ஆகும்.

மூன்றாவது, உணவுக்காக உழைத்தல். சோம்பியிருந்து உண்ணுதல் மனிதர்க்கு இன்பமாகத் தோன்றலாம். வேட்டை விலங்குக்கு அது வறுமை. உணவை ஒரே தட்டில் இடாது, சிறு பங்குகளாக்கிச் சுள்ளிக் குவியல்களில் ஒளித்து வைத்தபொழுது, வங்கப் பூனைகள் தேடுதலில் மிகுந்த நேரம் செலவிட்டன, அலைதல் குறைந்தது. மீன்பிடிப் பூனைக்கு நீரிலே உயிர்மீன் விட்டபொழுது, பகலெல்லாம் உறங்கிய அது விழித்து வேட்டையாடியது. இவையும் 1993இல் வெளிவந்த ஆய்வுகளே. சிறுத்தைக்கு இறைச்சியை உயரத்திலே கட்டித் தொங்கவிடுதல், எலும்போடும் தோலோடும் கூடிய முழுப்பகுதியாக அளித்தல் முதலியனவும் இவ்வகையின.

நான்காவது, மணம். பூனைக் குடும்பத்துக்கு மூக்கு ஒரு செய்தித்தாள். பெல்பாஸ்ட் நகரக் காட்சிச்சாலையிலே கருங்காற் பூனைகளுக்குச் சாதிக்காய், பூனைப்புதினா, இரைப்பறவை ஆகியவற்றின் மணமேற்றிய துணிகளை அளித்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. அவை முன்னினும் சுறுசுறுப்பாய் இயங்கின. கண்டியிலும் மாத்தளையிலும் விளையும் சாதிக்காய் இவ்வாறும் பயன்படும் என்பதை அறிதல் நமக்கு வியப்பன்றோ? ஆயின் சில நாட்களிலே அம்மணத்தின் கவர்ச்சி குன்றிற்று. ஒரே பாடத்தை ஒரே முறையில் நாள்தோறும் நடத்தினால் வகுப்பறையிலே எது நிகழுமோ, அதுவே அங்கும் நிகழ்ந்தது. ஆதலின் வளமூட்டல் ஒருநாட் பணியன்று. மாற்றி மாற்றிச் செய்யவேண்டிய தொடர்பணி.

ஐந்தாவது, காப்பாளரின் மனம். இதுவே நாம் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது. கார்ல்ஸ்டெட் முதலியோர் வீட்டுப் பூனைகளைக் கொண்டு செய்த மற்றோர் ஆய்விலே, ஒரு பகுதிப் பூனைகளுக்கு உணவும் துப்புரவும் ஒழுங்கான நேரத்தில் நடந்தன. காப்பாளரும் அன்போடு பழகினர். மற்றப் பகுதிக்கு எல்லாம் நேரந்தவறி, முன்னறிய இயலாதவாறு நடந்தன; அன்புரையும் இல்லை. உணவு குறையாதிருந்தும் பின்னவை உளநெருக்கீட்டுக்கு ஆளாயின. அவற்றுள்ளும் நெடுநேரம் ஒளிந்துகொள்ள முடிந்தவற்றின் கோட்டிசோல் அளவு குறைவாகவே இருந்தது. முன்னர்க் கூறிய 2017ஆம் ஆண்டின் இந்திய ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. நீர்த்தடாகம், வளமூட்டும் பொருள்கள் ஆகியவற்றோடு, காப்பாளரின் நல்லெண்ணமும் சேர்ந்த இடத்திலே புலிகளின் பயனற்ற அலைதல் குறைந்திருந்தது. சம்பளத்துக்குக் கூண்டு கழுவுபவர் என நாம் எண்ணும் அம்மனிதரின் மனநிலை, கூண்டிலுள்ள விலங்கின் உடல்நிலையாக மாறுகின்றது.

இவ்வைந்தையும் ஒன்றுசேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அடைபட்ட உயிரை ஆற்றுவது தெரிவுரிமை. ஒளியலாம் அல்லது வெளிவரலாம். ஏறலாம் அல்லது இறங்கலாம். தேடலாம் அல்லது படுக்கலாம். அதனை அவ்வுயிரே தீர்மானிக்கவேண்டும். தெரிவற்ற பெருங்கூண்டினும் தெரிவுள்ள சிறுகூண்டு மேல்.

வீட்டிலே வளரும் பூனை

நம் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும், ரொறன்ரோவிலும், இலண்டனிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். லயத்து அடுப்படியிலே வந்துபோன பூனை சுதந்திரமானது. மாடிவீட்டுப் பூனையோ கதவுக்கு வெளியே செல்லாதது. அதுவும் ஒருவகையில் அடைபட்ட பூனையே. மேலே கூறிய நெறிகள் அதற்கும் பொருந்தும்.

ஒல்லாந்து நாட்டிலே பூனைகள் காப்பகம் ஒன்றிற்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிந்துகொள்ளப் பெட்டியொன்று வழங்கப்பட்டது, 9க்கு வழங்கப்படவில்லை. பெட்டி பெற்றவை சில நாட்களிலேயே புதிய இடத்துக்குப் பழகி அமைதியுற்றன. பெறாதவை தாமதமாகவே தேறின. 2014இல் வெளிவந்த இவ்வாய்வு பயன்படுத்திய கருவியின் விலை யாது? வெறும் ஒரு பெட்டி. ஆகவே பூனை வளர்ப்போர் ஒரு கடதாசிப் பெட்டியை மூலையிலே வையுங்கள். யன்னலோரத்தில் ஏறியமரும் உயரமான இடம் ஒன்று அமையுங்கள். நகங்கீற ஒரு மரக்கட்டையை நிறுத்துங்கள். உணவிற் சிறு பங்கை ஒளித்து வைத்துத் தேடவிடுங்கள். ஒளிந்திருக்கும் பூனையை விருந்தினர்க்குக் காட்டுவதற்காக இழுத்து வராதீர்கள்.

மலைநாட்டிலே நம் கடமை

இனி நம் மலைகளுக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள், நல்லதண்ணிக்கு அண்மையில் லக்சபானைத் தோட்டப் பகுதியிலே கம்பிச் சுருக்கொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்குண்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மறைந்த மரபுக்கூறு ஒன்றுசேரும்போதே சிறுத்தைக்கு அந்நிறம் வாய்க்கும். ஆதலின் அதனைக் காண்பது மிக அரிது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் அதனை உயிரோடு மீட்டு, உடவளவையிலுள்ள யானைகள் இடைத்தங்கல் நிலையத்திற்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தனர். கழுத்திலே கம்பி இறுகிய அவ்விலங்கு சில நாட்களுள் இறந்தது. நாடே அதற்காக வருந்தியது. 2021 முதல் ஆகஸ்ட் மாதம் 1ஆம் நாள் இலங்கையிலே சிறுத்தைகளின் நாளாகக் கொள்ளப்படுகின்றது.

பெரும்பாலும் சுருக்கு வைப்போர் சிறுத்தையைக் கருதி வைப்பதில்லை. மரக்கறிப் பாத்தியை உழுதழிக்கும் காட்டுப்பன்றிக்காகவே வைக்கின்றனர். ஆயின் கம்பிக்கு ஆள் தெரியாது. அகப்பட்ட விலங்கு விடுபட முனையுந்தோறும் கம்பி இறுகும். அவ்வேளையில் சூழ்ந்துநிற்கும் கூட்டமும், கூச்சலும், கைத்தொலைபேசி ஏந்தி நெருங்குவோரும் அதற்கு மற்றொரு சுருக்காகின்றனர். ஹெடிகர் கூறிய ஓடும் எல்லையை ஈண்டு நினைவுகூர்க. ஓடமுடியாத விலங்கின் அருகே செல்லும் ஒவ்வோர் அடியும் அதன் உடலினுள்ளே ஒரு காயமாகும். ஆகவே அத்தகைய இடத்திலே ஆசிரியரும் மாணவரும் தோட்டத்துப் பெரியோரும் செய்யக்கூடிய முதலுதவி எளியது: கூட்டத்தை விலக்குதல், ஒலியடக்குதல், திணைக்களத்துக்கு அறிவித்தல், மருத்துவர் வரும்வரை விலகி நிற்றல். சுருக்கிலே அகப்படாது செடிகளிடையே பதுங்கியிருக்கும் சிறுத்தையாயின், அது செல்வதற்கு ஒரு பக்கம் வழிவிடுதலே மனிதர்க்கும் பாதுகாப்பு.

குட்டிகளைக் காணும்பொழுதும் இவ்வறிவு வேண்டும். தேயிலைச் செடியின் கீழே தனித்துக் கிடக்கும் குட்டி கைவிடப்பட்டதன்று. தாய் இரைதேடச் சென்றிருக்கும். இரக்கத்தால் அதனைத் தூக்கிச் செல்வோர், வாழ்நாள் முழுவதும் நீளும் கூண்டுவாசத்தை அறியாமலே அதற்கு அளித்துவிடுகின்றனர். மகாராட்டிர மாநிலத்து ஜுன்னார்ப் பகுதியிலே கரும்பு வெட்டுங்காலத்தில் இத்தகைய குட்டிகள் அடிக்கடி அகப்படும். அங்கே வனத்துறையினரும் விலங்கு மருத்துவரும் குட்டியைச் சோதித்து, கண்ட இடத்திலேயே இரவில் ஒரு பெட்டியில் வைத்து விலகிநிற்க, தாய் வந்து கவ்விச் செல்கின்றது. இவ்வாறு தாயோடு சேர்ந்த குட்டிகள் பல. கொழுந்து மலையிலும் குட்டியைத் தொடாது அந்நிரையை விட்டு வேறு நிரைக்குச் செல்லுதல் நன்று. குட்டியைக் காக்கும் தாய் அருகிலே இருக்கக்கூடும் என்பதால், கொழுந்து கொய்யும் நம் தாய்மார்க்கும் அதுவே காப்பு.

இவ்விடத்திலே சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். "பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே ஒரு குடும்பமே வாழ்ந்த மலைநாட்டிலே, சிறுத்தைக்கு மறைவிடமும் மேடையும் வேண்டுமென்று எழுதுவது தகுமோ?" என்பர். இத்தடை இலேசாகத் தள்ளத்தக்கதன்று. லயத்து அறையிலே படிக்க ஒரு மூலையின்றி, உடைமாற்ற ஒரு மறைவின்றி, பிறர் கண்ணுக்கு எட்டாத ஓரிடம் தமக்கென இன்றி வளர்ந்தோர் இம்மலரைப் படிப்போருள் பலர். வீட்டுரிமைக்கும் காணியுரிமைக்கும் நாம் கொடுக்கும் குரலை இக்கட்டுரை ஒரு சிறிதும் தாழ்த்தாது. ஆனால், தனக்கென ஒரு மூலை இல்லாத வாழ்க்கை எத்தன்மையது என்பதை உடலால் அறிந்தவர் நம்மைப்போல் யாருளர்? கூண்டின் முன்னே நின்று அவ்விலங்கின் நடைக்குப் பொருள் காணும் தகுதி நமக்கே மிகுதியும் உண்டு. ஓர் உயிரின் துயரை உணரும் கண், மற்றோர் உயிரின் துயரைக் காணாதிராது. கூண்டுக்கு மறைவிடம் கேட்கும் அறிவும் குடும்பத்துக்கு வீடு கேட்கும் அறிவும் ஒன்றற்கொன்று பகையல்ல.

மாணவர்க்கு ஒரு சொல்

இவற்றை அறிந்தபின் காட்சிச்சாலைக்குச் செல்லும் மாணவர், கண்ணாடியைத் தட்டமாட்டார், கல்லெறியமாட்டார், உறங்கும் விலங்கை எழுப்பக் கூவமாட்டார். சிறுத்தையைக் காணோம் எனக் குறைகூறுவோரிடம், அது மறைந்திருக்க இடமுள்ள நல்ல அடைப்பு இதுவென எடுத்துரைப்பார். குறிப்பேடு ஒன்றைக் கையிற் கொண்டு, அரைமணி நேரம் ஓரிடத்திலே நின்று, விலங்கு எத்தனை நிமிடம் அலைந்தது, எத்தனை நிமிடம் படுத்தது, எப்பகுதியிலே நின்றது என எழுதிவருவாராயின், அதுவே நல்லதோர் ஆய்வின் தொடக்கமாகும். மேலே நாம் கண்ட அறிஞர்களும் பெரும்பாலும் இவ்வாறே பார்த்தும் எழுதியுமே உண்மை கண்டனர். அதற்கு வேண்டியது பொறுமை ஒன்றே.

தோட்டந்தோறும் பரந்துள்ள நம் பழைய மாணவருள் ஆசிரியர் உளர், தோட்ட உத்தியோகத்தர் உளர், வெளிக்கள அலுவலர் உளர், தொழிற்சங்கத்தார் உளர். கம்பிச் சுருக்கின் கேட்டை ஊரார்க்கு எடுத்துரைக்க இவர்களினும் தக்கார் இல்லர். தம் சொல்லுக்குச் செவிசாய்க்கும் ஒரு தோட்டத்திலே ஒரு சுருக்கையேனும் இவர்கள் அவிழ்ப்பிப்பார்களாயின், அஃது ஒரு சிறுத்தைக்கு நாம் அளிக்கும் ஆறுதல்களுள் தலையாயது. கூண்டினை வளமூட்டுதல் நன்று. கூண்டுக்குச் செல்லவேண்டிய தேவையே நேராமற் காத்தல் அதனினும் நன்று. சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலே இரவிலே எவர் கண்ணிலும் படாது நடந்துசெல்லும் சிறுத்தை, நாளையும் அவ்வாறே நடந்து செல்வதாக.